பவல் போன வழியே: ஒரு நதிப்பயணத்தைத் திரும்பப் போவது எதற்காக?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகளும் படவிளக்கங்களும் அச்சுக்காக நீக்கப்பட்டுள்ளன.)



பயண நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். அகலமாகப் பேசினால் ஆழம் போய்விடும். ஆகவே ஒரே ஓர் ஆற்றை, ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். 1869இல் ஜான் வெஸ்லி பவல் என்னும் அமெரிக்கப் புவியியலாளர் கிரீன் ஆற்றிலும் கொலராடோ ஆற்றிலும் சுமார் 1,600 கி.மீ. படகில் சென்றார். கிராண்ட் கேன்யன் என்று இன்று உலகமே அறிந்த பெரும் மலைப்பிளவின் ஊடே போய் வந்ததாகப் பதிவுகளுடன் நிலைநாட்டப்பட்ட முதல் பயணம் அது. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக அதே வழியில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். படம் எடுக்கப் போனார்கள், செடி சேகரிக்கப் போனார்கள், ரயில் பாதை போட இடம் பார்க்கப் போனார்கள். நூற்றாண்டு விழாவுக்கும் நூற்றைம்பதாம் ஆண்டுக்கும் போனார்கள்.

இவர்கள் எதற்காகப் போகிறார்கள், போய் என்ன கொண்டுவருகிறார்கள் என்பதே இன்றைய கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பயணம் ஒன்றை மறுபடி போகிறவர், முதல் பயணி விட்டுச்சென்ற ஓர் அளவுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க இன்னோர் அளவைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் அது ஆய்வு. கொண்டுவராவிட்டால், எவ்வளவு துணிச்சலாகப் போயிருந்தாலும், அது உல்லாசப் பயணம்தான். இதை ஐந்து கூறுகளாக விரிக்கிறேன்.

1. முதல் பயணமே அளவெடுக்கப் போன பயணம்

பவலுக்கு அப்போது வயது 35. இல்லினாயில் புவியியல் பேராசிரியர். 1862 ஏப்ரலில் ஷைலோ போர்க்களத்தில் குண்டுபட்டு வலக்கையை இழந்தவர். 1869 மே 24 அன்று வயோமிங்கின் கிரீன் ரிவர் ஸ்டேஷனிலிருந்து பத்துப் பேராக, நான்கு படகுகளில் புறப்பட்டார்கள். சிகாகோவில் கட்டிய படகுகள் ரயிலில் வந்து இறங்கின. நாட்டின் கீழ்க்கரையையும் மேல்கரையையும் இணைக்கும் ரயில் பாதை அந்த மாதம் 10ஆம் தேதிதான் முடிந்திருந்தது. ஒரு பக்கம் ரயில் ஓடுகிறது. மறுபக்கம், பாதைக்குத் தெற்கே, நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு ஆறு எப்படிப் போகிறது என்பதே வரைபடத்தில் இல்லை.

பதினைந்து நாளில் முதல் விபத்து நேர்ந்தது. லொடோர் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் ‘நோ நேம்’ என்ற படகு பாறையில் மோதி உடைந்தது. அதிலிருந்த மூவர் ஆற்று நடுவே ஒரு திட்டில் ஒதுங்கினார்கள். ஜாக் சம்னர் சிறிய படகை ஓட்டிப்போய் அவர்களை மீட்டார். உணவில் பெரும் பங்கு போயிற்று. ஆனால் அன்றிரவு பவலை வாட்டிய கவலை வேறு. பாரமானிகள் எல்லாவற்றையும் அந்த ஒரே படகில் வைத்திருந்தார்கள். உடைந்த படகின் ஒரு துண்டு கீழே பாறையில் சிக்கியிருந்தது. ஆட்கள் அதை எட்டிப் பாரமானிகளை மீட்டு வந்தார்கள். கூடவே ஒரு சிறு பீப்பாய் விஸ்கியும் வந்தது. கரையில் எழுந்த ஆரவாரம் எதற்கு என்பதில் பவலுக்கும் ஆட்களுக்கும் இருவேறு எண்ணங்கள் இருந்திருக்கலாம்.

பாதரசம் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய்க்காக ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் கருவி அது. புறப்பட்ட இடம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 6,100 அடி மேலே. முடிய வேண்டிய வெர்ஜின் ஆற்றுக் கூடல் ஆயிரம் அடிக்கும் கீழே. இடையில் 5,000 அடிக்கு மேல் ஆறு இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் பாரமானியைப் பார்த்தால் இதுவரை எவ்வளவு இறங்கினோம், இன்னும் எவ்வளவு இறக்கம் பாக்கி என்று தெரியும். பாக்கி இறக்கம் அதிகமாகவும் பாக்கி தூரம் குறைவாகவும் இருந்தால் முன்னே பெரிய அருவி இருக்கக்கூடும். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாத பத்துப் பேருக்கு, உயிரோடு போய்ச் சேருவோமா என்பதற்கு ஓரளவாவது விடை சொன்னது அந்தக் குழாய்தான்.

அவர்களிடம் இருந்த படகுகள் அந்த ஆற்றுக்கு ஏற்றவை அல்ல. அடிக்கட்டை வைத்த படகுகள். ஏரியில் நேராக ஓடும், கொந்தளிப்பில் சட்டென்று திரும்பாது. துடுப்புப் போடுகிறவர் ஆறு போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். ஆகவே பாறைகள் அடர்ந்த இடங்களில் படகைக் கயிற்றில் கட்டிக் கரையோரமாகவே மெல்ல இறக்கினார்கள். அதுவும் முடியாத இடத்தில் சாமான்களை இறக்கி, படகையும் தூக்கிக்கொண்டு பாறை மேல் நடந்தார்கள். படகை ஆறு போகும் திசை பார்க்கத் திருப்பி, பின்னோக்கித் துடுப்பிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்கும் முறையை நத்தானியல் கேலவே என்ற வேட்டைக்காரர் 1890களில்தான் கொண்டுவந்தார். இன்று ரப்பர் தெப்பத்தில் போகிறவர்கள் கடப்பது அதே இடங்களாக இருக்கலாம், அதே ஆபத்து அல்ல.

ஆகஸ்டு நடுவில் கிராண்ட் கேன்யனுக்குள் நுழையும்போது பூஞ்சை பிடித்த மாவு, உலர்ந்த ஆப்பிள், காப்பி, இவையே மிச்சம். ஆகஸ்டு 28 காலை ஒரு பெரும் கொந்தளிப்பின் தலையில் ஓராமெல் ஹௌலண்டு, அவருடைய தம்பி செனிக்கா, வில்லியம் டன் ஆகிய மூவரும் இனி வரமாட்டோம் என்று சொல்லிப் பள்ளத்தாக்கின் சுவரில் ஏறிப் போனார்கள். மற்ற அனைவரும் ஒரு படகை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு படகுகளில் அந்தக் கொந்தளிப்பைக் கடந்தார்கள். மறுநாள் பள்ளத்தாக்கு முடிந்தது. அதற்கும் மறுநாள், ஆகஸ்டு 30 அன்று, வெர்ஜின் கூடலில் வலை இழுத்துக்கொண்டிருந்த சில மார்மன் சமயக் குடியேறிகளைச் சந்தித்தார்கள். அவர்களுக்கு வந்திருந்த உத்தரவு, பவல் குழுவின் படகுத் துண்டுகளோ உடல்களோ மிதந்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியது. குழுவே மூழ்கிவிட்டது, நான் ஒருவனே பிழைத்தேன் என்று ஓர் ஆள் சொன்ன புளுகைச் செய்தித்தாள்கள் முன்பே அச்சடித்திருந்தன.

மேலே ஏறிப்போன மூவரும் திரும்பவில்லை.

2. புத்தகத்தை மட்டும் நம்பி ஆற்றில் இறங்கலாகாது

பவல் பயணத்தை நமக்குத் தெரியச் செய்தது 1875இல் அரசு வெளியிட்ட அவருடைய நூல். நாட்குறிப்பைப் போல, நாள்தோறும் தேதியிட்டு, நிகழ்காலத்தில் எழுதியது. படிக்கிறவர் படகிலேயே உட்கார்ந்திருப்பதாக உணர்வார். என் இளமையில் நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அவர் ஆற்றில் உண்மையில் எழுதிய குறிப்புகள் வேறு. பழுப்புத் தாளின் நீண்ட குறுகிய துண்டுகளில், இடக்கையால், சில சொற்களாக எழுதிய சுருக்கக் குறிப்புகள் அவை. அவற்றையும் நினைவையும் கொண்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்து உருவானதே நூல்.

பவல் 1871இல் மறுபடி அதே ஆற்றில் இறங்கினார். தம் பயணத்தைத் தாமே முதலில் திரும்பப் போனவர் அவர்தான். இம்முறை நில அளவையாளர், புகைப்படக்காரர், ஓவியர் எல்லோரும் உடன் இருந்தார்கள். வழியில் சில இடங்களில் உணவு கொண்டுவந்து சேர்க்கவும் ஏற்பாடு இருந்தது. அந்தப் பயணத்தில் கண்ட செய்திகள் பலவற்றை 1869இன் கதைக்குள் பவல் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் பயணத்தில் உழைத்தவர்களின் பெயர்கள் நூலில் இடம்பெறவே இல்லை. அப்பயணத்தில் 17 வயது இளைஞராகச் சென்ற பிரெடெரிக் டெல்லன்பா, 1908இல் தாமே ஒரு நூல் எழுதி அந்தக் குறையை நீக்க வேண்டியிருந்தது. பவலை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் இந்த மௌனத்துக்கு ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

ஒரே ஒரு நிகழ்ச்சியை அருகில் வைத்துப் பார்ப்போம். பவல் ஒரு செங்குத்துப் பாறையில் ஏறுகிறார். நடுவழியில் மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. இருப்பது ஒரு கை. அந்தக் கையால் பாறையைப் பற்றியிருக்கிறார். கால் நடுங்கத் தொடங்குகிறது. மேலே இருக்கும் ஜார்ஜ் பிராட்லியிடம் கயிறு இல்லை. அவர் தம் நீண்ட உள்காற்சட்டையைக் கழற்றித் தொங்கவிடுகிறார். பவல் பாறையை விட்டுவிட்டு அதைத் தாவிப் பிடித்து மேலேறுகிறார். நூலில் இதற்கு ஒரு சித்திரமும் உண்டு. பவலின் நூலின்படி இது நடந்தது ஜூன் மாதத்தில், எக்கோ பார்க் என்ற இடத்தில். பிராட்லியின் நாட்குறிப்பின்படி இது நடந்தது ஜூலை 8 அன்று, ஆற்றில் வெகுதூரம் கீழே.

பிராட்லி நாட்குறிப்பு எழுதினார் என்பது உடன் சென்றவர்களுக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் ரகசியமாக எழுதினார். அது 1947இல் யூட்டா வரலாற்றுக் காலாண்டிதழில் முழுமையாக அச்சேறியது. சம்னரின் குறிப்புகளும் அதில் வந்தன. அதன் பிறகுதான் 1869ஆம் ஆண்டுப் பயணத்தை நாள்வாரியாகச் சரிபார்க்க வழி பிறந்தது. எக்கோ பார்க்கில் போய் நின்று, இந்தப் பாறைதான் அந்தப் பாறை என்று கைகாட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்று எழுத்துகளையும் அருகருகே வைத்துப் படிக்காமல் அங்கே போவதில் பயனில்லை.

மூவர் பிரிந்த இடத்துக்கும் இதே நிலைதான். அவர்களைக் கொன்றது ஷிவிட்ஸ் பையூட் மக்கள், வேறு யாரோ செய்த கொடுமைக்கு இவர்களைப் பொறுப்பாக்கித் தவறாகக் கொன்றார்கள் என்பது 1870இல் பவல் அம்மக்களிடையே சென்று கேட்டுவந்த செய்தி. மார்மன் குடியேறிகளே கொன்றிருக்கலாம் என்று காட்டும் ஒரு பழைய கடிதம் பின்னாளில் கிடைத்தது. பிரிவுக்குக் காரணம் அச்சமா, பவலோடு ஏற்பட்ட சச்சரவா என்பதிலும் உடன் சென்றவர்கள் முதுமையில் சொன்னதும் ஆற்றில் எழுதியதும் ஒத்துப்போகவில்லை. எனக்கு ஆற்றில் எழுதியதன் பக்கமே மனம் சாய்கிறது. நாற்பது ஆண்டு கழித்துச் சொன்ன நினைவைவிட அன்றிரவு முகாமில் எழுதிய இரண்டு வரிக்கு எடை அதிகம்.

3. படத்துக்குப் பக்கத்தில் படம்

இன்றைய பேச்சின் மையம் இதுதான். இங்கே சற்று நின்று பேச அனுமதி வேண்டுகிறேன்.

1871ஆம் ஆண்டுக் குழுவில் ஈ. ஓ. பீமன் என்ற புகைப்படக்காரர் இருந்தார். அவர் விலகிய பின், படகோட்டியாக வந்த ஜாக் ஹில்லர்ஸ் தொழிலைக் கற்றுக்கொண்டு படமெடுத்தார். அன்றைய முறை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். ஆகவே ஒரு குன்றின் உச்சியிலிருந்து படம் வேண்டுமென்றால் கேமராவோடு கண்ணாடிப் பெட்டி, மருந்துப் பெட்டி, கூடாரம், தண்ணீர் எல்லாம் ஆள் முதுகில் அந்த உச்சிக்கு ஏற வேண்டும். படகில் அந்தப் பெட்டிகளைக் கண்டாலே ஆட்களுக்கு அலுப்பு. அத்தனை பாடுபட்டு எடுத்ததால் ஒவ்வொரு படமும் யோசித்து எடுத்த படமாக இருந்தது.

1968இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹால் ஸ்டீபன்ஸ், யூஜின் ஷூமேக்கர் இருவரும் அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். பீமனும் ஹில்லர்ஸும் கேமரா வைத்த அதே புள்ளியைக் கண்டுபிடித்து அதே படத்தை மறுபடி எடுப்பது அவர்கள் வேலை. இது சொல்வதற்கு எளிது. படத்தில் முன்னே ஒரு பாறை முனை, அதற்குப் பின்னே தொலைவில் ஒரு மலையுச்சி தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்கும் இடம் சற்றே இடப்பக்கம் விலகினால் முனைக்கும் உச்சிக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறும். அந்த இடைவெளி பழைய படத்தில் உள்ளபடி பொருந்தும் வரை ஓரடி, அரையடி என நகர்ந்து நகர்ந்து நிற்க வேண்டும். பிறகு உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். பிறகு நிழல் பழைய படத்தில் விழுந்த இடத்தில் விழும் வரை காத்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு படங்களையும் அளந்து ஒப்பிடலாம்.

அவர்கள் கண்டது எதிர்பாராதது. நூறு ஆண்டு அரித்துத் தள்ளியிருக்கும் என்று நினைத்த மலைச்சுவர்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பல இடங்களில் தரையில் கிடந்த தனித்தனிக் கற்கள்கூட 1871இல் கிடந்த இடத்திலேயே கிடந்தன. கொலராடோ பள்ளத்தாக்கு ஆறு அரித்து உண்டானது என்பதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்த அரிப்பு மனித வாழ்நாள் அளவில் கண்ணுக்குத் தெரியாது, அது வருவதும் சிறுகச் சிறுக அல்ல என்பதை இந்தப் படங்கள் காட்டின.

இதே முறையை மேலும் விரிவாகச் செய்தவர் ராபர்ட் வெப். அவர் பின்பற்றியது பவலை அல்ல, ராபர்ட் ஸ்டேன்டனை. ஸ்டேன்டன் 1889இல் ஆற்றங்கரையோடு ரயில் பாதை போட முடியுமா என்று பார்க்கப் போன பொறியாளர். அந்த முதல் முயற்சியில் குழுவிடம் உயிர்காக்கும் மிதவைகள் இல்லை. ரயில் நிறுவனத் தலைவர் பிராங்க் பிரவுனும் இன்னும் இருவரும் சில நாள் இடைவெளியில் மூழ்கி இறந்தார்கள். ஸ்டேன்டன் வெளியே வந்து, மிதவைகளும் வலுவான படகுகளும் வாங்கிக்கொண்டு அதே ஆண்டுக் குளிர்காலத்தில் மறுபடி இறங்கினார். 1890 புத்தாண்டு நாளில் புகைப்படக்காரர் தவறி விழுந்து காலை முறித்துக்கொள்ள, கேமராவைத் தொட்டறியாத ஸ்டேன்டனே படமெடுக்க வேண்டியதாயிற்று. ரயில் பாதைக்கான படம் என்பதால் ஆற்றின் மேல்புறம் ஒன்று, கீழ்புறம் ஒன்று என்று ஒழுங்காக எடுத்துக்கொண்டே போனார். அழகுக்காக எடுக்கவில்லை. அதனாலேயே அவை நூறாண்டு கழித்து மிகச் சிறந்த சான்றாயின. ரயில் பாதை வரவே இல்லை.

வெப் 1989-90 முதல் அந்தப் படங்களை மறுபடி எடுத்தார். சரிவுகளில் நின்ற பாலைப் புதர்களில் பல, 1890ஆம் ஆண்டுப் படத்தில் நின்ற அதே செடிகள் என்று அடையாளம் காண முடிந்தது. ஆற்றோரம் மட்டும் அடியோடு மாறியிருந்தது. ஆண்டுதோறும் வெள்ளம் வழித்துத் துடைத்த வெறும் மணற்கரையாகப் படத்தில் இருந்த இடங்களில், டாமரிஸ்க் என்னும் அயல்நாட்டுப் புதர்மரம் அடர்ந்து நின்றது. மணல்திட்டுகள் சுருங்கியிருந்தன. பக்க ஓடைகளிலிருந்து பெருமழையில் சேறும் பாறையுமாக ஒரே நாளில் புரண்டு வந்து ஆற்றில் கொட்டும் பெருக்குகளே கொந்தளிப்புகளை உண்டாக்குகின்றன, மாற்றுகின்றன என்பதும் படங்களால் உறுதிப்பட்டது. 1966 டிசம்பரில் கிரிஸ்டல் என்ற ஓடையில் அப்படி ஒரு பெருக்கு வந்தது. பவல் காலத்தில் பெரிதாகப் பேசப்படாத அந்த இடம் இன்று ஆற்றின் மிக மோசமான இடங்களில் ஒன்று. அதாவது பவல் பயணத்தைத் திரும்பப் போகிறவர், பவல் சந்திக்காத ஆபத்தையும் சந்திக்கிறார்.

செடிகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு பெண்களைக் குறிப்பிடாமல் போக முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எல்சாடா குளோவர், அவருடைய மாணவி லோயிஸ் ஜாட்டர். 1938இல் யூட்டாவின் கிரீன் ரிவர் என்ற ஊரிலிருந்து மரப்படகில் புறப்பட்டு கிராண்ட் கேன்யனைக் கடந்தார்கள். அதை முழுதும் படகில் கடந்ததாகப் பதிவுள்ள முதல் பெண்கள் இவர்கள். பெண்கள் அந்த ஆற்றில் இறங்கினால் பிணமாகத்தான் வருவார்கள் என்ற தொனியில் செய்தித்தாள்கள் எழுதின. அவர்கள் முகாமில் சமைத்தார்கள், நனைந்த செடிகளைத் தாளுக்குள் வைத்து உலர்த்தினார்கள், பெயர் எழுதினார்கள். 1944இல் வந்த அவர்களுடைய தாவரப் பட்டியல், கிளென் கேன்யன் அணை வருவதற்கு முன் ஆற்றோரத்தில் என்ன வளர்ந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள அரிய கணக்கு. சாகசக்காரர்கள் என்று பேசப்பட்டவர்களில் பலர் இன்று வெறும் பெயர்கள். இவர்களின் பட்டியல் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது.

4. அது வெற்றிடம் அல்ல

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் அழுத்தமாக.

பட்டினி முற்றிய ஆகஸ்டு கடைசியில், யாரும் போகாத இடம் என்று நம்பிய பள்ளத்தாக்கின் அடியில், பவல் குழு ஒரு தோட்டத்தைக் கண்டது. தண்ணீர் பாய்ச்சிய பாத்திகளில் மக்காச்சோளமும் பூசணியும் விளைந்துகொண்டிருந்தன. தோட்டக்காரர்கள் அங்கே இல்லை. இவர்கள் பச்சைப் பூசணிகளைப் பறித்துக்கொண்டு படகேறி ஓடினார்கள். பவலே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆற்றை ‘கண்டுபிடித்த’ குழுவின் உயிரைக் காத்ததில் அந்த மண்ணின் உழவர்களுக்கும் பங்கு உண்டு.

அதற்கும் மேலே நான்கோவீப் என்ற இடத்தில், பாறைச்சுவரின் உயரத்தில், ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் கட்டிய தானியக் குதிர்கள் இன்றும் இருக்கின்றன. ஹோப்பி மக்கள் உப்பெடுக்க அந்தப் பள்ளத்தாக்குக்குள் யாத்திரை போய்வந்தார்கள். ஹவசுபாய் மக்கள் பக்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் இன்றும் வாழ்கிறார்கள். ஹுவாலபாய் மக்களின் நிலம் ஆற்றோடு 170 கி.மீ.க்கு மேல் செல்கிறது. அந்தப் பகுதியில் இன்று படகுப் பயணம் நடத்துகிறவர்களும் அவர்களே. பவல் பிற்காலத்தில் 1879இல் தொடங்கிய இனவியல் அலுவலகத்தின் தலைவராக இருந்து பழங்குடி மொழிகளைத் தொகுத்தவர். ஆயினும் அவர் வழியே போகும் பெரும்பாலான பயணநூல்கள் படகில் இருந்தவர்களையே பேசுகின்றன, கரையில் இருந்தவர்களைப் பேசுவதில்லை.

5. திரும்பப் போக முடியாத பகுதி

1869ஆம் ஆண்டு வழியை இன்று முழுதும் யாராலும் படகில் ஆறாகக் கடக்க முடியாது. மேலே கிரீன் ஆற்றில் ஃபிளேமிங் கார்ஜ் அணை. நடுவே கிளென் கேன்யன் அணை, 1963 மார்ச்சில் கதவு அடைத்தது. கீழே 1930களில் கட்டிய ஹூவர் அணை. ஃபிளேமிங் கார்ஜ், கிளென் கேன்யன் இரண்டும் பவல் குழு வைத்த பெயர்கள். மூவர் பிரிந்த அந்தக் கொந்தளிப்பை ஹூவர் அணையின் நீர் மூழ்கடித்தது. பாறைக் குடைவுக்குள் பாட்டு எதிரொலித்ததால் பவல் குழு ‘இசைக்கோயில்’ என்று பெயரிட்டுத் தங்கிய குகை, கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால் 300 கி.மீ. நீளம் தேங்கிய நீருக்குள் போயிற்று. அந்த நீர்த்தேக்கத்துக்கு வைத்த பெயர் பவல் ஏரி.

அணைக்குக் கீழே ஓடுவதும் பழைய ஆறு அல்ல. முன்பு செம்மண் கலங்கி, கோடையில் வெதுவெதுப்பாக, வசந்தத்தில் பெருவெள்ளமாக வரும் ஆறு அது. இன்று அணையின் ஆழத்திலிருந்து தெளிந்த, குளிர்ந்த நீர் மின் தேவைக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வருகிறது. வண்டலில் பெரும்பகுதி ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது. பழைய மணற்கரைகளை மீட்க 1996இல் தொடங்கி, அவ்வப்போது வேண்டுமென்றே வெள்ளம் திறந்துவிட்டுப் பார்க்கிறார்கள். கரைகள் கொஞ்சம் வளர்கின்றன, பிறகு கரைகின்றன.

இவற்றையெல்லாம் திரும்பப் போனவர்களின் படங்களும் குறிப்புகளும் இல்லாமல் அளந்திருக்க முடியாது. இன்னொரு செய்தியும் உண்டு. அதைத் தண்ணீர்க் கணக்கில் சொல்கிறேன்.

1922இல் கொலராடோப் படுகையின் ஏழு மாநிலங்கள் ஓர் ஒப்பந்தம் செய்தன. நம் கணக்கில் மேற்படுகைக்கு ஆண்டுக்குச் சுமார் 327 டி.எம்.சி., கீழ்ப்படுகைக்கு அதே அளவு. 1944இல் மெக்சிகோவுக்கு ஏறத்தாழ 65 டி.எம்.சி. சேர்ந்தது. ஆக 700 டி.எம்.சி.க்கு மேல் பங்கு போட்டாயிற்று. அவர்கள் கையில் இருந்த அளவு சில நல்ல மழை ஆண்டுகளின் அளவு. மரவளையங்களைக் கொண்டு பல நூற்றாண்டு ஓட்டத்தைக் கணக்கிட்ட ஆய்வு 1976இல் வந்தபோது, ஆறு நீண்டகாலமாகத் தந்தது அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளின் சராசரி சுமார் 540 டி.எம்.சி.தான். 1893 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பாசன மாநாட்டில் பவல் எழுந்து, இருக்கும் நிலத்துக்கெல்லாம் கொடுக்க இந்த ஆறுகளில் தண்ணீர் இல்லை, நீங்கள் வழக்குகளையும் பகையையும் சேர்த்துவைக்கிறீர்கள் என்ற கருத்தில் பேசினார். கூட்டம் அவரைக் கூச்சலிட்டு அடக்கியது. ஆற்றைப் பாரமானியோடு அளந்தவர் சொன்னதை, அளக்காதவர்கள் கேட்கவில்லை.

விளைவு கண்முன் நிற்கிறது. 2023 தொடக்கத்தில் பவல் ஏரி கொள்ளளவில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கேட்டராக்ட் கேன்யனில், ஏரி மூழ்கடித்திருந்த கொந்தளிப்புகள் சில, வண்டலை அறுத்துக்கொண்டு மறுபடி வெளிவந்தன. படகோட்டிகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஏரி நிரம்புமுன் எடுத்த பழைய படங்களைக் கொண்டு, எந்தப் பாறை எந்த ஆண்டு தலைகாட்டுகிறது என்று பதிவுசெய்து வருகிறார்கள். பவலின் வழியில் மிகப் பயனுள்ள வேலை இப்போது நடக்கும் இடம் அதுதான் என்பது என் கணிப்பு.

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆற்றங்கரைகளின் பழைய படங்கள் உங்கள் மாவட்டத்தில் எங்காவது இருக்கும். ஆவணக் காப்பகத்தில், பொதுப்பணித் துறைப் பழைய கோப்பில், புகைப்பட நிலையத்தின் பெட்டியில், வீட்டுச் சுவரில். படித்துறையோ, மணல்திட்டோ, பாலத்தூணோ தெரியும் ஒரு படம் போதும். அதை எடுத்தவர் நின்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கே நின்று, அதே பக்கம் பார்த்து, ஒரு படம் எடுங்கள். பின்னால் தேதியும், நின்ற இடத்தின் குறிப்பும், ஆற்றில் அன்று ஓடிய நீரின் அளவும் எழுதுங்கள். எழுதி, துறை நூலகத்தில் ஒரு படி கொடுங்கள்.